இடிதாங்கிக் குழுவும் ஒரு பித்தளைச் சக்கரமும்

நகர இசைச் சங்கம் சென்ற மாதம் வெளியிட்ட ஆண்டு மலரின் நாற்பத்தோராம் பக்கத்தில், எங்கள் வட்டாரத்தின் முதல் ஹார்ட் ராக் குழுவான ‘இடிதாங்கி’யைப் பற்றிப் பதினொரு வரிகள் வந்துள்ளன. அவற்றில் நான்கு பிழைகள் உள்ளன. தொடங்கிய ஆண்டு தவறு. கலைந்த ஆண்டு தவறு. படத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவர் எங்கள் டிரம்ஸ்காரர் அல்லர். மேடைக்கு மின்இணைப்புக் கொடுக்க வந்தவர், கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர். நான்காவது பிழை இது: “பாடல்களின் சுருதியை இறக்கி, வேகத்தைக் குறைத்து, கனமாக ஒலிக்கச் செய்யும் பாணியை வகுத்தவர் குழுவின் பாடகர். உடன் வாசித்தோர் மூவர்.” அந்த மூவரில் ஒருவன் நான்.

முதல் மூன்று பிழைகளுக்கும் மலர்க் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பதிவுத் தபால் ரசீது கோப்பில் இருக்கிறது. நான்காவது ஒரு கடிதத்துக்குள் அடங்கவில்லை. அதைத் திருத்தப் பாடகரின் கதையையே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் மூன்று கோப்புகளும், எண்ணிட்ட நாற்பத்து மூன்று உறைகளும் உள்ளன. நினைவை மட்டும் நம்பி எழுதிய இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாடகர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். அவருடைய தந்தை அதே சந்தையில் மூட்டைகளை எடை போட்டவர். பள்ளியில் இவர் வாய்ப்பாடு ஒப்பித்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து விடை சொல்லுமாம். இது அவர் சொன்னது, ஆதாரம் இல்லை. பழைய ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிய ஒரு காலையில், பத்தொன்பது வயதில், வெங்காய மூட்டை மேல் ஏறி நின்றார். பிறகு இறங்கவில்லை. அன்று முதல் அவருக்கு ‘ஏலம்’ என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்தது. “ஏலத்தைச் சாப்பிடக் கூப்பிடு” என்று அவர் மனைவி மகளிடம் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அவர் குரலைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற அனைத்தும் அதன்மேல் நிற்கின்றன. அது தாழ்ந்த, கரகரப்பான, தளர்வறியாத குரல். அதன் எல்லைக்குள் யாரும் அதை அசைக்க முடியாது. ஆனால் எல்லை குறுகியது. மேலே மூன்று படி ஏறுவார். நான்காம் படியில் பச்சை மூங்கில் போலப் பிளந்துவிடும்.

என் கடை சந்தைக்கு எதிரே இருந்தது, இன்றும் இருக்கிறது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை; அதனால் ஏலம் என்னை ‘ரேடியோ’ என்றே அழைப்பார். எனக்கு யாரும் தொழில் கற்றுத் தரவில்லை. அட்டை போன ஒரு புத்தகத்திடமிருந்தும், என் கையில் பிழைக்காத இயந்திரங்களிடமிருந்தும் கற்றேன். அப்படிப் பிழைக்காத இரண்டைச் சேர்த்து எனக்கென்று ஒரு டேப் ரெக்கார்டர் செய்துகொண்டேன். வாடிக்கையாளரின் இயந்திரத்தைச் சொந்தத் தேவைக்குப் போடுவதில்லை என்பது கடை விதி. ஆகையால் பாட்டுக் கேட்பதானால் அந்த ஒன்றில்தான்.

ஒரு நாள் ஏலம் தன் கை ஒலிபெருக்கியைப் பழுதுக்குக் கொண்டுவந்தார். என் மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன், கப்பலில் வேலை செய்யும் நண்பனிடமிருந்து வாங்கிய கேசட்டைப் போட்டுவிட்டு, கையில் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். ஏலம் வாசலிலேயே நின்றார்.

“யாருய்யா இது, இவ்வளவு கோவமா ஏலம் விடுறான்?”

“ஏலம் இல்ல, பாட்டு” என்றேன்.

“என்ன சரக்கு?”

“இங்கிலீஷு. எனக்கும் புரியல.”

“புரியாட்டி என்ன. வித்துடுவான்.”

பழுது பார்த்த ஒலிபெருக்கியைச் சோதிக்கிறேன் என்று அதை வாயில் வைத்து, கேசட்டோடு சேர்ந்து, அதே சுருதியில், சொற்களே இல்லாமல் பாடினார். தெருவுக்கு அந்தப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான்கு பேர் மூட்டையோடு நின்றுவிட்டார்கள்.

“மாமா, நாம தேடினது இதுதான்” என்றான் மச்சினன்.

“நாம எதைத் தேடினோம்?”

அவன் கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றினான். குழு அன்று தொடங்கியது. தேதி முதல் கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளது.

தகரப் பெட்டி செய்பவர் ஒருவர் டிரம்ஸுக்கு வந்தார்; அவரை எல்லோரும் ‘டப்பா’ என்றே அழைத்தோம். ஒரு பலகையில் நான்கு தடித்த தந்திகளைக் கட்டி நானே ஒரு பேஸ் கிடார் செய்துகொண்டேன். ஞாயிறு பிற்பகல்களில் டப்பாவின் பட்டறையில் பயிற்சி. அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் வேலை மும்முரம் என்று அக்கம்பக்கத்தார் மதிப்போடு பார்த்தார்கள்.

எங்கள் பயிற்சி முறை ஒன்றே. என் டேப் ரெக்கார்டரை நடுவில் வைப்போம். கேசட்டில் ஒரு வரி கேட்போம், நிறுத்துவோம், வாசிப்போம், பின்னோக்கிச் சுற்றி மறுபடி கேட்போம். சுருதிக்கு வேறு கருவி கிடையாது. கேசட்டில் கேட்ட சுருதிக்குத் தந்திகளைத் தளர்த்தினோம், கேட்ட வேகத்துக்கு டப்பா அடித்தார்.

“மாமா, கம்பி துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது” என்பான் மச்சினன்.

“கேசட்டைக் கேளு. அது என்ன சொல்லுதோ அதான்.”

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் மேடை ஒரு பொறியியல் கல்லூரி ஆண்டு விழா. எங்களுக்கு முன் வாசித்தவர்கள் வண்ண விளக்கும் வேகமுமாகக் கலக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் பாறையை மலை மேல் தள்ளுகிறவர்கள் போலத் தொடங்கினோம். சன்னல் கண்ணாடிகள் முனகின. முதல்வரின் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளை தானாகவே விளிம்பு வரை நடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது.

அதன் பிறகு இரண்டரை ஆண்டுகளில் முப்பத்தொரு மேடைகள். இருபத்தெட்டுக்கு அழைப்பிதழ் இருக்கிறது. இரண்டு போட்டிகளில் முதற்பரிசு. ஒரு கல்யாணத்துக்கும் தவறுதலாக அழைத்துவிட்டார்கள்; மூன்றாம் பாட்டில் பெண்ணின் தந்தை மேடையேறி, இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

போட்டி நடுவர் ஒருவர் எழுதிய குறிப்பு உறை எண் 9-இல் உள்ளது: “மூலப் பாடல்களைத் துணிந்து இறக்கி, நிதானப்படுத்தியிருக்கிறார்கள். புதிய சிந்தனை.” எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் எதையும் இறக்கவில்லையே, கேட்டபடி வாசித்தோமே என்றேன்.

“மாமா, பாராட்டுறவங்களைக் குறுக்கு விசாரணை பண்ணக்கூடாது” என்றான் மச்சினன்.

பத்திரிகை நிருபர் வந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. இந்தக் கனமான பாணி யாருடைய யோசனை? நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஏலம் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

“நான்தான் இறக்கினேன். நம்ம ஜனங்க நடக்கிற வேகத்துல பாட்டும் நடக்கணும்.”

அது கொட்டை எழுத்தில் வந்தது. வெட்டியெடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, சந்தைக்குக் கொண்டுபோய் அவர் முன் நீட்டினேன்.

“எதுக்கு அப்படிச் சொன்னே?”

“ஏலத்துல கேள்வி வந்தா பதில் நிக்கக்கூடாது, ரேடியோ. நின்னா சரக்கு அழுகிடும்.”

“நீ எப்போ இறக்கினே?”

“சரி, நீ எப்போ ஏத்தினே?” என்று கேட்டுவிட்டு, உருளைக்கிழங்குக்குப் போய்விட்டார்.

அவமதிக்கப்பட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் அப்போது என் பக்கமும் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

பிறகு நாங்களே நான்கு பாடல்கள் இயற்றினோம். பட்டறைக் கூரையிலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, என் இயந்திரத்தில் பதிந்தோம். நகலெடுக்க வேறு இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பதால் நான்கு பாடல்களையும் மூன்று முறை வாசித்து மூன்று கேசட்டுகள் செய்தோம். ஒன்று கோப்புக்கு. ஒன்றை ஏலம் கேட்டு வாங்கிக்கொண்டார்; அவர் வீட்டில் அப்போது டேப் ரெக்கார்டர் கிடையாது, பெட்டியில் வைத்தார். மூன்றாவது, பெருநகரத்தில் இருந்த ஒரு கேசட் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் போனது.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. “உங்கள் வேகமும், பாடகரின் மெல்லிய உச்சக் குரலும் இங்கு எவரிடமும் இல்லாதவை. நேரில் வந்து, அதே வேகத்தில், அதே குரலில் பாடிக் காட்டவும்.”

டப்பா கடிதத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். “மெல்லிய குரலா? நம்ம ஏலத்துக்கா? வேற யார் கேசட்டையோ கேட்டிருக்காங்க.”

“விலாசம் நம்மளுதுதானே” என்றான் மச்சினன்.

ஏலம் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். கேள்விக்குப் பதில் நின்றது அன்றுதான்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு புதிய கேசட்டை எடுத்தேன். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓட வேண்டும். என் இயந்திரத்தில் முப்பத்து மூன்று நிமிடம் நாற்பது விநாடி ஓடியது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே. கடை விதியை ஒரு முறை தளர்த்தி, ஒரு வாடிக்கையாளரின் இயந்திரத்தில் போட்டேன்: முப்பது நிமிடம் நான்கு விநாடி.

என் இயந்திரத்தைத் திறந்தேன். மோட்டாரின் தலையில் ஒரு சின்னப் பித்தளைச் சக்கரம் இருக்கும். ரப்பர் பெல்ட்டைச் சுழற்றுவது அதுதான். செத்த இரண்டு இயந்திரங்களைச் சேர்த்தபோது, ஒன்றின் மோட்டாரில் மற்றதன் சக்கரத்தை மாட்டியிருக்கிறேன். வித்தியாசம் ஒரு நகத்தின் கனம் இருக்காது. கேசட் ஒரு கட்டை இறங்கி, மெதுவாக ஓட அது போதும். அதில் பதிந்ததை வேறு எங்கு போட்டாலும் அதே அளவுக்கு ஏறி, விரைந்து ஓடும். எங்கள் கேசட்டை வாடிக்கையாளரின் இயந்திரத்தில் கேட்டேன். தகரக் கூரைமேல் யாரோ ஓடுவது போல டப்பா. மீசை முளைக்காத ஒருவனின் குரலில் ஏலம்.

ஊரார் இயந்திரங்களின் வேகத்தையெல்லாம் விநாடி பார்த்துச் சரிசெய்து கொடுத்த நான், ஒன்பது ஆண்டுகளாக என்னுடையதை அளந்ததில்லை. சரியான சக்கரத்தை மாட்டினேன். பழையதை உறை எண் 17-இல் போட்டு ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அந்தக் கப்பல் கேசட்டை ஓடவிட்டேன். பாட்டு குதிரை போலப் பாய்ந்தது. டப்பா ஒரு பெட்டிமேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். மச்சினன் கண்கள் விரிந்தன. அந்த உயரத்தில் அவனும் சேர்ந்து பாடினான், குரல் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஏலமும் முயன்றார். நான்காம் படியில் பிளந்தது. நிறுத்திக்கொண்டார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.

மனைவியோடு இஸ்திரிப் பெட்டி வாங்கப் போன கடையில், ஒன்றரை ஆண்டுக்கு முன், அந்தப் பாட்டைக் கேட்டாராம். “இது உங்க பாட்டு மாதிரியே இருக்கு, ஆனா நல்லா இருக்கு” என்றாராம் மனைவி.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?”

“சரி பண்ணியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அந்தச் சக்கரத்தைத் திரும்பப் போட்டுடு, ரேடியோ. எனக்கு ஏறி நிக்க ரெண்டு இடம்தான் இருக்கு. ஒண்ணு வெங்காய மூட்டை. இன்னொண்ணு அது.”

தவறு தவறுதான் என்று சொன்னேன்.

“வேகமாவே வாசிச்சுக் காட்டுவோம். நான் பாடுறேன்” என்றான் மச்சினன்.

“அந்த வேகத்துல அடிச்சா பட்டறையில பெட்டி மிஞ்சாது” என்றார் டப்பா.

“நாம வாசிக்கிறபடியே போய் வாசிப்போம். புடிக்கலைன்னா வந்துடுவோம், அவ்வளவுதானே” என்றார் ஏலம்.

அன்று சொல்லப்பட்டவற்றில் அதுதான் சரியான யோசனை என்று இப்போது எழுதுகிறேன். அன்று முடிவெடுக்கவில்லை, அடுத்த ஞாயிறு பேசலாம் என்று கலைந்தோம். ஆனால் புதன்கிழமையே நான் கம்பெனிக்கு விளக்கம் அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம், அளவுகளுக்கு ஓர் அட்டவணை, சக்கரத்துக்கு ஒரு படம். மூன்றாம் பக்கத்தில் இவ்வாறு இருந்தது: “சுருதி இறங்கியதற்குக் காரணம் பாடகர் அல்லர். காரணம் இந்தச் சக்கரம். அதைப் பொருத்தியவன் நான்.” பிழையை ஒப்புக்கொள்வதாக நினைத்து எழுதினேன். உரிமை கோருவதாகப் படித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

எட்டாம் நாள் வந்த பதில் ஒரே பத்தி. விளக்கத்துக்கு நன்றி. நாங்கள் விரும்பிய இசை, அப்படியானால், உங்கள் குழு வாசிப்பது அன்று. அந்த உயரத்தில் பாடக்கூடியவர் எவரேனும் இருந்தால் அவர் மட்டும் வரலாம்.

மச்சினன் போனான். முன்பின் தெரியாதவர்களோடு ஒரு கேசட் பாடினான். அது எங்கும் விற்கவில்லை. பிறகு விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தான். ஒரு டயர் விளம்பரத்தின் முடிவில் வண்டி திரும்பும்போது கேட்கும் ‘ஈ’ என்ற கூவல் அவனுடையது. அது வரும்போதெல்லாம் என் மனைவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அவன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றதற்கு நான்தான் காரணம் என்பது அவள் கட்சி.

கடைசி ஞாயிறு ஏலம் மைக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“நாலு பக்கம் எழுதினியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே.”

“ம். அதான் நீ கேக்கல.”

கம்பியைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். மேடையில் பிறகு அவர் பாடவே இல்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் தெருவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கை ஒலிபெருக்கி பழுதானால் இரண்டு தெரு தள்ளி வேறொருவரிடம் கொடுப்பார். அவன் வேலை தெரியாதவன். ஒலிபெருக்கி போடும் இரைச்சலிலிருந்தே எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த இரைச்சலுக்கு மேல் ஒரு பெண்குரல் கேட்டது. ஏலத்துக்குத் தொண்டையில் அறுவை செய்துவிட்டார்கள் என்றும், இனி மகள்தான் ஏலம் விடுவாள் என்றும் சொன்னார்கள்.

மலர் வந்த மறுநாள், நான்காம் பிழையை அடிக்கோடிட்டு, அவர் கையெழுத்திட வேண்டிய ஒரு வாக்குமூலத்தையும் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். வெங்காய மூட்டை மேல் மகள். கீழே நாற்காலியில் அவர். காகிதத்தைப் படித்தார். பேசியபோது உமி உரசுவது போலிருந்தது, குனிந்து கேட்டேன்.

“போடறேன். அந்தச் சக்கரம் இருக்கா?”

“பதினேழாம் உறை.”

“மெஷினு?”

“இருக்கு.”

“மாட்டி வை. நாளைக்கு வர்றோம். கேட்டுட்டுப் போடறேன்.”

மகள் மூட்டையிலிருந்து இறங்கி வந்தாள். “எந்தக் கேசட்டு? அந்த எலிக் கேசட்டா?” என்று சிரித்தாள். பெட்டியில் இருந்த கேசட்டை, வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்ததும் போட்டிருக்கிறார்கள். அப்பா பாடுவது எலி கத்துவது போல இருக்கிறது என்று அவள் சிறு வயதில் உருண்டு சிரித்திருக்கிறாள். அவர் பாடியதற்கு வேறு பதிவே அந்த வீட்டில் கிடையாது.

அன்று மாலை சரியான சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தவறானதை மாட்டினேன். பெல்ட் மட்டும் புதிது. அளந்தேன். முப்பத்து மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஒரு பழுதைக் கண்டு நான் மகிழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் ஏலம் முடிந்து நண்பகலில் இருவரும் வந்தார்கள். மகள் சிரிக்கத் தயாராக முக்காலியில் உட்கார்ந்தாள். கோப்புக் கேசட்டை ஓடவிட்டேன். டப்பாவின் அடி, மச்சினனின் தொங்கும் கம்பி, என் பலகை. பிறகு அவர் குரல்.

மகள் எழுந்து நின்றாள்.

“அப்பா, இந்தக் குரல்லதானே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவீங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான்கு பாடல்களும் முடிந்தன. அவளே பின்னோக்கிச் சுற்றி மறுபடி போட்டாள். அப்படி ஐந்து முறை. இடையே இரண்டு வாடிக்கையாளர் வந்தார்கள். நாளை வரச் சொன்னேன்.

“ரேடியோ மாமா, இதை வீட்டுக்குக் குடுப்பீங்களா? மெஷினோட?”

“இது பழுதான மெஷின். வேற எந்தக் கேசட்டும் இதுல சரியா ஓடாது.”

“வேற எதைக் கேக்கப்போறோம்?”

கொடுத்தேன். பழுது என்று தெரிந்தே என் கடையிலிருந்து வெளியே போன ஒரே இயந்திரம் அது. பின்னால் ஒரு சீட்டு ஒட்டினேன்: “வேகம் தவறு. யாரும் திருத்த வேண்டாம்.”

பிறகு வாக்குமூலத்தை நீட்டினேன். ஏலம் அதை ஓரமாக வைத்தார். மகளிடமிருந்து ஓர் ஏலச் சீட்டை வாங்கி, மேசையில் குனிந்து, தாமே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டுக் கொடுத்தார். தேதி இட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“இறக்கினது இவர். ஏத்தினதும் இவர்தான்.”

இருபத்து நான்கு ஆண்டுகள் நான் தேடிய சான்று முதல் வரியில் இருக்கிறது. அதை மட்டும் மலர்க் குழுவுக்கு அனுப்பலாம் என்று ஒரு நாள் முழுவதும் நினைத்தேன். ஆனால் எந்த ஆவணத்தையும் நான் வெட்டுவதில்லை. சீட்டு முழுமையாக, உறை எண் 43-இல் உள்ளது. இரண்டாவது வரி சுருதியைச் சொல்கிறதோ மேடையைச் சொல்கிறதோ, அதற்கு எதிராக வைக்க என் கோப்புகளில் ஒன்றும் இல்லை.